அம்மா பேசிய கேசட்

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. பாட்டுக் கேசட் இல்லை. 1988ஆம் ஆண்டு அம்மா பேசி அனுப்பிய கேசட்.

நான் அப்போது பம்பாயில், தாராவியில் இருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குப் போய்ப் பிழைத்தவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். அம்மா ஊரில் இருந்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கடிதம் என்றால் இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டும். மனதில் உள்ளதை எல்லாம் மற்றவரிடம் சொல்லி எழுதச் சொல்ல முடியுமா? அதனால் ஒருநாள் பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசினார். ஊருக்கு வந்து திரும்பிய ஒருவர் கையில் கேசட்டைக் கொடுத்து அனுப்பினார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படி நடந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீட்டிலும் கேசட்தான் கடிதம்.

அம்மா 1996இல் இறந்துபோனார். கேசட் தகரப் பெட்டியில் இருந்தது. அதைக் கேட்க டேப் ரெக்கார்டர் இல்லை. கடைகளிலும் அது வருவது நின்றுவிட்டது.

2018இல் ஒரு வெள்ளிக்கிழமை மும்பை சோர் பஜாருக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே தெருவிலேயே பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள். ஒற்றைச் செருப்பு, கண்ணாடி இல்லாத கடிகாரம், கைப்பிடி இல்லாத குக்கர் என்று எல்லாம் கிடைக்கும். அங்கே ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் கிடந்தது. பேரம் பேசி 250 ரூபாய்க்கு வாங்கினேன். செல் போட்டுப் பார்க்க விற்றவர் விடவில்லை. "ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம்" என்றார்.

ஓடியது. வீட்டில் தங்கச்சியும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தோம். அம்மாவின் கேசட்டைப் போட்டேன்.

உள்ளிருந்து யாரோ ஓர் ஆண் இழுத்து இழுத்துப் பேசினான். தங்கச்சி முகம் சுருங்கிவிட்டது. "இது அம்மா இல்லைண்ணே. நிப்பாட்டு" என்றாள்.

ஒலியைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

குரல் ஏன் மாறியது?

உங்கள் கையைத் தொண்டையில் வைத்து "ம்ம்ம்" என்று சொல்லிப் பாருங்கள். விரலில் ஓர் அதிர்வு தெரியும். ஒலி என்பது அதிர்வுதான். தொண்டை அதிர்கிறது. அது காற்றை அதிர வைக்கிறது. காற்று நம் காதுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை அதிர வைக்கிறது. நாம் கேட்கிறோம்.

ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் கணக்கு. பெண்கள் பேசும்போது ஏறத்தாழ 200 முறை அதிரும். ஆண்கள் பேசும்போது 100 முதல் 150 முறை அதிரும். அதனால்தான் ஆண் குரல் கட்டையாகக் கேட்கிறது. இந்த எண்ணிக்கைக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். 200 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 200 அதிர்வு.

கேசட் நாடா ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்புத் துரு போன்ற பொடியைப் பூசியிருப்பார்கள். பழுப்பு நிறம் அதனால்தான். பதிவு செய்யும்போது அந்தப் பொடி காந்தம் ஆகிறது. ஒலியின் ஏற்ற இறக்கம் காந்தத்தின் ஏற்ற இறக்கமாக நாடாவில் தங்கிவிடுகிறது. நாடா மறுபடி ஓடும்போது ஹெட் என்னும் சிறு உலோகத் துண்டு அதைத் தொட்டுப் படிக்கிறது. வரிவரியாக விரல் வைத்துப் படிக்கிறோமே, அதைப் போல.

இந்த வகைக் கேசட்டை 1963இல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. எந்த டேப்பில் போட்டாலும் நாடா ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்று வைத்தார்கள். அந்த வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். பம்பாயில் பதிந்ததைத் திருநெல்வேலியில் கேட்க முடிந்தது அதனால்தான்.

நாடா மெதுவாக ஓடினால் என்ன ஆகும்? ஒரு விநாடியில் கேட்க வேண்டிய 200 அதிர்வும் அந்த ஒரு விநாடிக்குள் வந்து சேராது. குறைவாக வரும். குரல் கட்டையாகிவிடும். பேச்சும் இழுக்கும்.

அப்படியானால் என் டேப் மெதுவாக ஓடுகிறது. எவ்வளவு மெதுவாக? அது எனக்குத் தெரியவில்லை.

தாராவியில் பழைய ரேடியோ ரிப்பேர் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். நம் ஊர்க்காரர். அவரிடம் டேப்பைக் கொண்டுபோனேன். அவர் திருப்புளியைக்கூடத் தொடவில்லை. "தம்பி, காது சும்மா 'சரியில்லை'ன்னுதான் சொல்லும். எவ்வளவு சரியில்லைன்னு சொல்லாது. முதல்ல அளந்து எழுது. அப்புறம் திருகு" என்றார். ஒரு பழைய நோட்டையும் கொடுத்தார்.

இன்னொன்றும் சொன்னார். "அம்மா கேசட்டை எடுத்து உள்ளே வை. அதை வச்சுப் பழகாதே."

அது எவ்வளவு பெரிய புத்தி என்று பின்னால்தான் புரிந்தது. ரிப்பேராகாத டேப் நாடாவைச் சுற்றிக் கடித்துவிடும். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். உங்களிடம் முக்கியமான கேசட் இருந்தால் அதன் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை ஒடித்துவிடுங்கள். பிறகு ரெக்கார்டு பட்டன் அமுங்காது. அம்மா கேசட்டில் அந்தப் பற்கள் ஒடியாமல்தான் இருந்தன. 30 வருடம்! நினைத்தால் வயிறு கலங்குகிறது.

தையற்கடை நாடாவும் கைக்கடிகாரமும்

வேகத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு வேண்டாத கேசட் எடுத்துக்கொண்டேன். உள்ளே இருப்பது வெளியே தெரியும் கேசட்டாகப் பார்த்து எடுத்தேன். அதன் நாடாவை மெதுவாக வெளியே இழுத்தேன்.

விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்றால், 100 விநாடிக்கு 476 சென்டிமீட்டர். தையற்காரர் அளக்கும் நாடா 150 சென்டிமீட்டர் இருக்கும். அதை மூன்று முறை வைத்தால் 450. இன்னும் 26 சேர்த்தால் 476. அந்தத் தூரத்தில் இரண்டு முனையிலும் வெள்ளை மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தேன். ஹெட்டில் உரசும் பக்கத்தில் வைக்கக் கூடாது. மறுபக்கத்தில் வைக்க வேண்டும். புள்ளி நன்றாகக் காய்ந்ததும் பென்சிலைக் கேசட் ஓட்டையில் விட்டுச் சுற்றி நாடாவை உள்ளே ஏற்றினேன். பென்சில் விட்டுச் சுற்றுவதைக் கேசட் வைத்திருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

முதல் புள்ளி கேசட்டின் மூலையைக் கடக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாவது புள்ளி அதே மூலைக்கு வந்தபோது மறுபடி பார்த்தேன்.

112 விநாடி.

சரியான டேப்பாக இருந்தால் 100 விநாடிதான் ஆகியிருக்கும். கணக்குப் போட்டேன். 476ஐ 112ஆல் வகுத்தால் 4.25. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டிய நாடா 4.25தான் ஓடுகிறது. 200 அதிர்வுள்ள குரல் 179 ஆகிவிடுகிறது. தங்கச்சி முகம் ஏன் சுருங்கியது என்பதற்கு இப்போது ஓர் எண் கிடைத்தது.

இதே சோதனையை மூன்று முறை செய்தேன். 112, 111, 112 என்று வந்தது. ஒருமுறை மட்டும் அளந்து நம்பிவிடக் கூடாது. நம் கண் தவறும், கை தவறும்.

செல் சொன்ன பொய்

முதலில் செல்லைச் சந்தேகப்பட்டேன். டேப்புக்கு நான்கு செல். ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். மொத்தம் 6 வோல்ட்.

லேமிங்டன் ரோடு கிராண்ட் ரோடு ஸ்டேஷன் அருகில் இருக்கிறது. மின்னணுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. அங்கே ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கினேன். டேப்பின் விலையைவிடக் கொஞ்சம் குறைவுதான். அதில் சிவப்புக் கம்பி ஒன்று, கறுப்புக் கம்பி ஒன்று. சிவப்பைக் கூட்டல் குறி உள்ள முனையிலும் கறுப்பைக் கழித்தல் குறி உள்ள முனையிலும் வைத்தால் வோல்ட் தெரியும்.

டேப் ஓடாமல் இருக்கும்போது அளந்தேன். 5.7 வோல்ட் காட்டியது. "செல் நல்லாத்தானே இருக்கு" என்று அண்ணாச்சியிடம் போனேன்.

அவர் சிரித்தார். "உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து பலசாலின்னு சொல்ல முடியுமா? மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பாரு" என்றார்.

டேப்பை ஓடவிட்டு மறுபடி அளந்தேன். 4.3 வோல்ட்! சும்மா இருக்கும்போது நன்றாக இருந்த செல், வேலை கொடுத்ததும் படுத்துவிட்டது. எதையும் அது வேலை செய்யும்போது அளக்க வேண்டும். செல்லுக்கு மட்டும் இல்லை, மோட்டாருக்கும் இதே கணக்குத்தான்.

புதுச் செல் போட்டேன். ஓடும்போது 5.9 வோல்ட். புள்ளிக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். 106 விநாடி. பாதி வந்துவிட்டது. மீதி எங்கே?

பெல்ட்

பின் மூடியைத் திறந்தேன். மோட்டாரிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் போய்ப் பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. தையல் மெஷினில் சக்கரத்துக்கும் மெஷினுக்கும் இடையில் பெல்ட் இருக்குமே, அதே மாதிரிதான். பெல்ட் தளர்ந்துவிட்டால் வழுக்கும். மோட்டார் சரியாகச் சுற்றும், சக்கரம் பின்தங்கும்.

என் டேப்பில் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. விரலில் கறுப்பாக ஒட்டியது. இருபது முப்பது வருட ரப்பர் அப்படித்தான் ஆகும். சில டேப்பில் பெல்ட் தாரைப் போல உருகியே கிடக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுக்க வேண்டியதுதான்.

புது பெல்ட் என்ன அளவு? பழையதை அளக்கக் கூடாது, அது நீண்டுபோயிருக்கும். மோட்டாரையும் சக்கரத்தையும் சுற்றி ஒரு நூலைக் கட்டினேன். நூலை அளந்தேன். அதைவிடக் கொஞ்சம் சிறிய பெல்ட்டாகப் பார்த்து வாங்கினேன். இழுத்து மாட்டினால்தான் பிடிப்பு இருக்கும். பெரிதாக இழுக்கவும் கூடாது. மோட்டாரின் கழுத்து தேய்ந்துவிடும்.

போட்டதும் 102 விநாடி.

நோட்டில் எழுதினேன். பழைய செல், பழைய பெல்ட்: 112. புதுச் செல், பழைய பெல்ட்: 106. புதுச் செல், புது பெல்ட்: 102. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எது எவ்வளவு கெடுத்தது என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.

கடைசி 2 விநாடிக்கு மோட்டாரின் முதுகில் ஒரு சிறு துளை இருந்தது. பல டேப் மோட்டார்களில் இது உண்டு. உள்ளே ஒரு சின்னத் திருகு. மெல்லிய திருப்புளியால் மயிரிழை அளவு திருப்பினால் வேகம் கூடும், குறையும். 100 விநாடி வரும்வரை திருப்பினேன். அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஒரு எச்சரிக்கை

இந்த வேலை முழுவதையும் செல்லில்தான் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். காரணம் சொல்கிறேன்.

ஒருநாள் செல் தீர்ந்துபோனது. கரண்டில் செருகிவிட்டு மூடியைத் திறந்தேன். டேப்பின் சுவிட்ச் அணைத்துத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். கை ஓரத்தில் இருந்த டிரான்ஸ்பார்மர் கம்பியில் பட்டது. தூக்கி எறிந்தது. முழங்கை சுவரில் மோதி ஒரு வாரம் வலித்தது. அவ்வளவோடு போனதே என்று இருக்கிறது.

பல டேப்பில் சுவிட்ச் டிரான்ஸ்பார்மருக்குப் பிறகுதான் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் டிரான்ஸ்பார்மர் வரை 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். 6 வோல்ட் செல் நம்மை ஒன்றும் செய்யாது. 230 வோல்ட் உயிரை எடுக்கும். திறந்த டேப்பைக் கரண்டில் செருகாதீர்கள். பெரிய ஆம்பிளிபயர், டிவி இவற்றைத் திறக்கவே வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் சிலவற்றின் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

ஹெட்டில் படிந்த துரு

வேகம் சரியாகிவிட்டது. ஆனால் பாட்டுப் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. சலங்கைச் சத்தமே கேட்கவில்லை.

காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. நாடாவின் பொடி உதிர்ந்து ஹெட்டில் ஒட்டியிருந்தது. நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும் துடைத்தேன். அது ரப்பராக இருப்பதால் ஈரத் துணியே போதும்.

சலங்கை பாதி வந்தது. மீதிக்கு ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகைத் தொட வேண்டியிருந்தது. ஹெட் நாடாவுக்கு நேராக நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் கூர்மையான ஒலிகள் போய்விடும். பாட்டை ஓடவிட்டு, அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினேன். சலங்கை ஓரிடத்தில் பளிச்சென்று கேட்டது. அங்கே நிறுத்தினேன். பழைய இடம் தெரிய, திருப்புவதற்கு முன்பே திருகின் தலையில் பேனாவால் கோடு போட்டிருந்தேன். இது மட்டும் மறக்கக் கூடாது.

ஸ்பீக்கரும் பெட்டியும்

இனி ஸ்பீக்கர். பேப்பர் கூம்பும் அதன் பின்னால் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும்தான் ஸ்பீக்கர். 8 ஓம் என்று எழுதியிருந்தது. கம்பியைக் கழற்றி மீட்டரில் அளந்தால் 7.2 காட்டியது. பயப்பட வேண்டாம், 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறரை, ஏழு என்றுதான் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால்தான் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு 1.5 வோல்ட் செல்லை அதன் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு முன்னால் தள்ளும், அல்லது பின்னால் போகும். செல்லைத் திருப்பித் தொட்டால் எதிர்ப்பக்கம் போகும். இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால், தாளச் சத்தம் இரண்டுக்கும் நடுவில் செத்துவிடும். பலர் "ஸ்பீக்கர் வீக்" என்று புதிது வாங்குவார்கள். கம்பியை மாற்றிக் கொடுத்தால் போதும்.

என் டேப்பில் ஒரே ஸ்பீக்கர். அதைக் கழற்றிக் கையில் பிடித்துப் பாட்டைக் கேட்டேன். தகரம் மாதிரி கேட்டது. ஓர் அட்டைப் பெட்டியில் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டம் வெட்டி அதில் பொருத்தினேன். அதே ஸ்பீக்கர், அதே பாட்டு. தவில் கேட்டது!

இது ஏன்? கூம்பு முன்னால் போகும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது. அதே நேரம் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. தள்ளிய காற்று ஓரமாகச் சுற்றிப் பின்னால் போய் அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. நம் காதுக்கு வரவேண்டியது அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மெதுவாக அதிரும் கனத்த ஒலிக்குத்தான் இப்படி ஆகும். பெட்டி நடுவில் நின்று காற்றைச் சுற்றிப் போகவிடாமல் தடுக்கிறது.

காதை மட்டும் நம்ப வேண்டாம் என்று இதையும் அளந்தேன். கைபேசியில் 200 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பி, இயர்போனை டேப்பின் மைக்கில் ஒட்டவைத்து ஒரு கேசட்டில் பதிந்தேன். ஒலியின் அளவைக் காட்டும் கைபேசிச் செயலி ஒன்று இலவசமாகக் கிடைத்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கைபேசியை வைத்தேன். ஸ்பீக்கர் சும்மா இருந்தபோது 61 காட்டியது. பெட்டியில் வைத்தபோது 70.

கைபேசி காட்டும் 61, 70 என்ற எண்கள் சரிதானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள 9 என்ற வித்தியாசத்தை நம்பலாம். தராசில் கொஞ்சம் குறை இருந்தாலும், எது கனம், எவ்வளவு கூடுதல் கனம் என்று சொல்லிவிடும் அல்லவா? மலிவான கருவிகளிடம் வித்தியாசத்தைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு அட்டையை விட்டுவிட்டு ஒட்டுப்பலகையில் பெட்டி செய்தேன். மூலைகளில் சந்து இல்லாமல் பசை தடவினேன். உள்ளே கொஞ்சம் பழைய தலையணைப் பஞ்சு வைத்தேன். பார்க்க அழகாக இல்லை. தங்கச்சி அதற்குக் கோழிக்கூடு என்று பெயர் வைத்தாள்.

மறுபடியும் அம்மா

அம்மா கேசட்டை வெளியே எடுத்தேன். பற்களை ஒடித்தேன். போட்டேன்.

அம்மாதான். ஆனால் குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது. அவசரமாகப் பேசுவதுபோல் இருந்தது. அம்மா அவசரமாகப் பேசுகிறவர் இல்லை. புள்ளிக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். சரியாக 100 விநாடி. டேப்பில் தவறு இல்லை. 1988இல் கேட்டபோதுகூட இப்படிக் கீச்சென்று இருந்ததாக ஒரு நினைவு. கேசட்டில் பேசினால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தோம்.

அப்போதுதான் கோழிக்கூட்டிலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. அம்மா பேச்சை நிறுத்தி மூச்சு விடும் இடங்களில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பழைய ஸ்பீக்கரில் இது கேட்டதே இல்லை. கரண்டில் ஓடும் ரேடியோவில் வருமே, அந்த இரைச்சல். ஆனால் என் டேப் செல்லில் அல்லவா ஓடுகிறது?

அப்படியானால் அந்த இரைச்சல் கேசட்டுக்குள் இருக்கிறது. ஊரில் அந்தப் பக்கத்து வீட்டு டேப் கரண்டில் ஓடியிருக்கிறது. நம் நாட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வரும். டேப்புக்குள் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாக வந்து சேரும். அந்த 100 கேசட்டில் அம்மா குரலோடு பதிந்துபோயிருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டுப் போன அளவுகோல்!

வீணை, கிடாருக்குச் சுருதி சேர்க்கும் கைபேசிச் செயலியைத் திறந்தேன். அம்மா மூச்சு விடும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். 104 காட்டியது.

100 ஆக இருக்க வேண்டியது 104 ஆகக் கேட்கிறது. அம்மா பேசிய அன்று அந்த டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. அது மெதுவாகப் பதிந்ததை நான் சரியான வேகத்தில் ஓட்டினேன். குரல் ஏறிவிட்டது. சரியான வேகம் இந்தக் கேசட்டுக்குச் சரியான வேகம் இல்லை.

மோட்டார் திருகைத் திருப்பினேன். புள்ளிக் கேசட் 104 விநாடி ஓடும்படி வைத்தேன். இரைச்சல் 100க்கு வந்தது.

அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஊர்ல கரண்ட் அம்பதா இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அது நியாயமான கேள்வி. 1980களில் தென்னிந்தியாவில் மின்சாரம் பற்றாக்குறை. எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் 50 என்பது 49, 48 என்று இறங்குவது உண்டு. அன்று 49 ஆக இருந்திருந்தால் இரைச்சல் 98ஆக இருக்க வேண்டும். அதற்கு டேப்பை 106 விநாடிக்கு வைக்க வேண்டும்.

104ஆ, 106ஆ? மீட்டர் இதற்கு மேல் வராது. தங்கச்சியைக் கூப்பிட்டேன். எந்தப் பக்கம் திருப்புகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 104இல் தலையை ஆட்டவில்லை. 106இல் "இன்னும் கொஞ்சம் திரும்பி வா" என்றாள். 105இல் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

நோட்டில் 105 என்று எழுதினேன். டேப்பின் இயர்போன் துளையிலிருந்து கம்பி போட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்தோம். கேசட்டை மறுபடி தகரப் பெட்டியில் வைத்தோம்.

பிரதியில் அம்மா ஆட்டுக்குட்டியின் விலையைச் சொல்கிறார். மழை இல்லை என்கிறார். எனக்குச் சளி பிடிக்குமே, தலைக்கு எண்ணெய் வைக்காதே என்கிறார். பின்னால் ஒரு சேவல் கூவுகிறது. அது எங்கள் வீட்டுச் சேவல் என்று தங்கச்சி சொல்கிறாள்.